வாசகர் யார் என்று முடிவுசெய்தவர்கள்

பூம்புகாரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முடிந்து வருகிற முதல் இதழில் நம் நாளிதழ்கள் ஒரு சிறு கட்டத்தை வெளியிட்டு வந்தன. உள்பக்கத்தின் அடியில், ஏல அறிவிப்புக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே அது கிடக்கும். ‘படிவம் 4, விதி 8’ என்று தலைப்பு. வெளியிடும் இடம், வெளிவரும் கால இடைவெளி, அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் என்று வரிசையாகப் போய், கடைசியில்தான் உரிமையாளர் வருவார். மொத்த மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் பங்குதாரர்களின் பெயரும் முகவரியும் கூடவே இருக்கும். 1956-ஆம் ஆண்டு விதிகள் கொண்டுவந்த ஏற்பாடு இது. தான் வாசிப்பது யாருடைய பத்திரிகை என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம். ஆனால் டீக்கடையில் ராசிபலன் முதல் வரி விளம்பரம் வரை விடாமல் படிப்பவர்கூட இந்தக் கட்டத்தின் பக்கம் போனதில்லை.

போகாததால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. முதலாளி யார் என்பது ஊருக்கே தெரியும். அவர் எந்தக் கட்சிக்கு வேண்டியவர், எந்த மந்திரியோடு கோபம், யாருக்குச் சம்பந்தி என்பதெல்லாம் தமிழ்நாட்டில் திண்ணைப் பேச்சு. பத்திரிகை முதலாளி என்றாலே ஆட்சியை ஏற்றி இறக்குபவர் என்றொரு சித்திரமும் உண்டு. பிரிட்டனில் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ உரிமையாளர் பீவர்புரூக் பிரபு, பத்திரிகைகளைப் பற்றி விசாரித்த அரச ஆணையத்தின் முன் 1940-களின் இறுதியில் ஆஜராகி, தாம் பத்திரிகை நடத்துவது பிரசாரத்துக்காகத்தான் என்று கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார். நம் ஊர் முதலாளிகள் அவ்வளவு வெளிப்படையாகப் பேசுபவர்கள் அல்லர்.

ஆனால் தலையங்கத்தை வைத்து முதலாளியின் பலத்தை அளந்தால் அளவு தப்பிவிடும். தலையங்கம் எழுதப்படுவதற்கு முன்பே, சொல்லப்போனால் முதல் இதழ் அச்சேறுவதற்கு முன்பே, அவர் ஒன்றைத் தீர்மானித்துவிடுகிறார்: இந்தப் பத்திரிகை யாருக்கு? வாசகருக்கு என்ன சொல்வது என்பது ஆசிரியர் பாடு. வாசகர் யார் என்பது முதலாளியின் முடிவு. ஒரு சமூகத்தில் யார் கணக்கில் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைப் பேசக் காவிரிப் படுகையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பூம்புகாரிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சீகன்பால்குவுக்கு 1712-இல் லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரம் வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அதற்கான ஈயம், சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களை உருக்கி எடுத்தது என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. காகிதத்துக்காகப் பொறையாறு அருகே ஓர் ஆலையும் எழுந்தது. கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது. எழுத்து, மை, காகிதம் மூன்றையும் தன் கையில் வைத்திருந்த அந்த மிஷனுக்கு, யார் வாசிக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

இந்தியர் கைக்கு வந்த பத்திரிகைத் தொழிலிலும் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. திருவையாற்றில் பிறந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். கும்பகோணத்தை அடுத்த இன்னம்பூர்க்காரர் கஸ்தூரிரங்க ஐயங்கார். எஸ்.எஸ். வாசனுக்குத் திருத்துறைப்பூண்டி. கல்கி கிருஷ்ணமூர்த்திக்கு மணல்மேடு பக்கத்தில் புத்தமங்கலம். மு. கருணாநிதிக்குத் திருக்குவளை. முப்போகம் விளைந்த நிலம் எதற்கு இத்தனை பத்திரிகைக்காரர்களைச் சென்னைக்கு அனுப்பியது என்பது தனி ஆராய்ச்சி. இங்கிலீஷ் படிப்பும் கோர்ட்டு வழக்கும் இங்கே முந்திக்கொண்டு வந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

கோர்ட்டு விவகாரத்தில்தான் கதையே தொடங்குகிறது. தஞ்சை மாவட்டத்துக்காரரான டி. முத்துசாமி ஐயர் 1878-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டார். வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகள் முகம் சுளித்தன. பதில் சொல்ல இந்தியர் கையில் பத்திரிகை இல்லை. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’ வார இதழை 80 பிரதிகள் அச்சிட்டார்கள். நான்கே ஆண்டில் சுப்பிரமணிய ஐயருக்குக் கணக்கு உதைத்தது. இங்கிலீஷ் தெரிந்தவர்களிடம் மட்டும் பேசி ஒரு தேசத்தை எழுப்ப முடியாது என்று 1882-இல் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். வாசகர் யார் என்ற கேள்வியை ஒரு பத்திரிகைக்காரர் தம்மையே கேட்டுக்கொண்ட முதல் தருணங்களில் ஒன்று அது.

அடுத்து நடந்ததுதான் கூர்ந்து பார்க்க வேண்டியது. சுப்பிரமணிய ஐயர் சமூகச் சீர்திருத்தத்தில் தீவிரமானவர். எழுதியதோடு நிற்கவில்லை, இளம் வயதில் கணவனை இழந்த தம் மகளுக்கு 1889-இல் பம்பாயில், காங்கிரஸ் மாநாட்டுச் சமயத்தில், மறுமணம் செய்துவைத்தார். ஊர் ஒதுக்கியது. ‘இந்து’வில் அவர் எழுதிய சீர்திருத்தக் கட்டுரைகள் சந்தாதாரர்களைக் கலவரப்படுத்தின. ஆபீசில் அவருக்குச் சமமாக உட்கார்ந்திருந்த கூட்டாளி வீரராகவாச்சாரியாரோ பத்திரிகையின் வரவு செலவைப் பார்ப்பவர். வாசகரைப் பகைத்துக்கொண்டு பத்திரிகை நடத்த முடியாது என்பது அவர் கட்சி. 1898-இல் சுப்பிரமணிய ஐயர் ‘இந்து’வை விட்டு வெளியேறினார். இருவருமே தேசபக்தர்கள், காலனி அரசைப் பற்றி அவர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. விதவை மறுமணத்தால் முகம் சுளித்த சந்தாதாரரை எப்படி நடத்துவது என்பதில்தான் பிரிந்தார்கள். சென்னை ராஜதானியின் மிக முக்கியமான இதழில் முதலாளிக் கணக்கு ஆசிரியரின் மனசாட்சியை வென்ற முதல் பெரிய நிகழ்ச்சி இது என்றால் மிகையாகாது. வெளியேறியவர் ‘சுதேசமித்திர’னில் தாமே முதலாளி, தாமே ஆசிரியர். 1904-இல் பாரதியை உதவியாசிரியராகச் சேர்த்துக்கொண்டது அங்கேதான்.

வீரராகவாச்சாரியாராலும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1905-இல் 75,000 ரூபாய்க்கு ‘இந்து’வை வாங்கியவர், அதன் சட்ட ஆலோசகராக இருந்த வக்கீல் கஸ்தூரிரங்க ஐயங்கார். அவருடைய வாசகர் வக்கீல், அதிகாரி, ஆசிரியர், படித்த மிராசுதார். அந்த வாசகரைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்ததில் அந்தக் குடும்பத்துக்கு நிகர் கிடையாது. ‘இந்து’ என்ற தன் பெயரிலேயே அந்த நிறுவனம் ஒரு தமிழ் நாளிதழைத் தொடங்கியது 2013 செப்டம்பர் 16 அன்று. நிறுவனர் ஒருவர் நான்கு ஆண்டில் எடுத்த முடிவை எடுக்க, நிறுவனத்துக்கு 135 ஆண்டு ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. குடும்பத்துக்கு வெளியிலிருந்து 2011-இல் ஆசிரியராக வந்த சித்தார்த் வரதராஜன், இயக்குநர் குழு மீண்டும் குடும்பத்தார் பொறுப்பேற்பது என்று முடிவுசெய்ததும் விலகினார். நூற்றாண்டு கடந்த நிறுவனத்திலும் ஆசிரியர் நாற்காலியின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதில் குழப்பம் இல்லை.

வாசன் வேறு ரகம். விளம்பரத் தொழிலும் தபாலில் பொருள் விற்பதும் அவருக்குக் கைவந்த கலை. பூதூர் வைத்தியநாதையரின் ‘ஆனந்த விகட’னை 1928-இல் 200 ரூபாய்க்கு வாங்கினார், தலைப்பில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் என்று பத்திரிகை உலகம் இன்றும் சொல்லிச் சிரிக்கும். சந்தாதாரர் என்றால் வேட்டி கட்டிய குடும்பத் தலைவர் என்றிருந்த காலத்தில், வாசன் அவருக்குப் பின்னால் சமையலறை வாசலில் நின்றவரைப் பார்த்தார். சிரிப்பு, தொடர்கதை, பரிசுப் பணத்தோடு குறுக்கெழுத்துப் போட்டி என்று வீடு முழுவதையும் வாசகராக்கினார். குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கட்டணம் உண்டு. அது சூதாட்டம் என்று அப்போதே விமர்சித்தவர்கள் உண்டு. இருக்கலாம். தமிழ்க் குடும்பப் பெண்ணைக் காசு கொடுத்து வாங்கும் வாசகராக மதித்த பெரிய முதலாளிகளில் அவர் முன்னோடி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவருடைய இதழின் உயிர்நாடியாக இருந்த கல்கி, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை செல்ல விரும்பியபோது இருவரும் பிரிந்தார்கள். சினிமா ஸ்டூடியோவும் வைத்திருந்த முதலாளிக்கு, ஆசிரியர் அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்பது தர்மசங்கடம். 1941-இல் விடுதலையாகி வந்த கல்கி, விகடனில் விளம்பரப் பிரிவில் இருந்த சதாசிவத்தோடு சேர்ந்து ‘கல்கி’யைத் தொடங்கினார். முதல் வந்தது, எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துக் கிடைத்த பணத்திலிருந்து. சொந்தப் பத்திரிகை இருந்ததால்தான், 1950-இலிருந்து மூன்றரை ஆண்டு ‘பொன்னியின் செல்வ’னை யாரும் சுருக்கச் சொல்லாமல் எழுத முடிந்தது. காவிரிக் கரை ஊர்களை இன்று தமிழ்நாடு முழுவதும் ஒரு கதையின் ஊர்களாகத் தேடி வருகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் ஒரு முதலாளி-ஆசிரியர் சண்டையும் இருக்கிறது.

‘கல்கி’ வந்ததற்கு அடுத்த ஆண்டு, 1942-இல், இரண்டு தொடக்கங்கள். ஆகஸ்டு 10 அன்று திருவாரூரில் பதினெட்டு வயது கருணாநிதி ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாகக் கொண்டுவந்தார். நவம்பர் 1 அன்று மதுரையில் சி.பா. ஆதித்தனார் ‘தந்தி’யைத் தொடங்கினார்.

‘முரசொலி’யின் வாசகர் கட்சித் தோழர். அவருக்கு அது செய்தித்தாள் என்பதைவிடத் தலைவரின் கடிதம். எமர்ஜென்சியில் தணிக்கை வந்து, 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியும் கலைக்கப்பட்டது. கைதானவர்கள் பெயரை அச்சிட முடியாது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்றைய ‘முரசொலி’யில், அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று மாவட்ட வாரியாக ஒரு பட்டியல் வந்தது. தணிக்கை அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். தோழருக்குப் புரிந்தது. ராம்நாத் கோயங்கா தம் ‘இந்தியன் எக்ஸ்பிர’ஸில் 1975 ஜூன் 28 அன்று தலையங்க இடத்தைக் காலியாக விட்டதை இந்தியா முழுவதும் கொண்டாடுகிறது, சரிதான். ஆனால் காலி இடத்துக்குத் துணிச்சல் போதும். அந்தப் பட்டியலுக்கு வாசகரை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆதித்தனார் பாரிஸ்டர், சிங்கப்பூரில் தொழில் நடத்தித் திரும்பியவர். அவர் தேர்ந்தெடுத்த வாசகர், அதுவரை எந்த முதலாளியும் வாசகராக எண்ணாதவர்: எழுத்துக் கூட்டிப் படிப்பவர். சின்ன வாக்கியம், கொட்டை எழுத்துத் தலைப்பு, கொலை, கொள்ளை, படம். 1960-இலிருந்து கன்னித்தீவும் வந்தது. பண்டிதர்கள் பரிகசித்தார்கள். ஆதித்தனார் 1958-இல் தொடங்கிய ‘நாம் தமிழர்’ இயக்கம் பிறகு தி.மு.க.வோடு கரைந்தது, அவர் சட்டப்பேரவைத் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்ததை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு. எழுத்துக் கூட்டிப் படித்தவர் மட்டும் நிலைத்துவிட்டார். முடிதிருத்தும் கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்டு, அதில் ஒருவர் தாமே படிக்கப் பழகினால், அது எந்த அரசுத் திட்டத்திலும் பதிவாகாத கல்வி.

இத்தனைக்கும் நடுவே கணக்கில் வராதவர்கள் இருந்தார்கள். இதே படுகையில் கூலியை நெல்லாக வாங்கிய பண்ணையாட்கள் எந்தச் சந்தா ஏட்டிலும் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்ட பிறகு நாடே திரும்பிப் பார்த்தது. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் நீண்ட கூலிப் பிரச்சினை எந்தப் பெரிய முதலாளிக்கும் தலைப்புச் செய்தியாகத் தெரியவில்லை. அவர்களைத் தங்கள் வாசகராக எண்ணியவை கம்யூனிஸ்டுகளின் இதழ்கள். அவற்றுக்கு விளம்பரம் கிடையாது.

விளம்பரம் என்றதும் பணத்துக்கு வர வேண்டியதாகிறது. பெரிய முதலாளிகள் விலையைக் குறைத்துப் பக்கத்தைக் கூட்டிச் சிறிய பத்திரிகைகளை நசுக்கிவிடுவார்கள் என்ற அச்சம் முதல் பத்திரிகை ஆணையம் 1954-இல் அறிக்கை தந்த நாளிலேயே உண்டு. இத்தனை பக்கத்துக்கு இவ்வளவு விலை என்று கட்டுப்படுத்த 1956-இல் சட்டம் வந்தது. புனேயின் ‘சகால்’ நாளிதழ் வழக்குத் தொடுத்தது. 1961-இல் உச்ச நீதிமன்றம், அது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று சட்டத்தை ரத்து செய்தது. தீர்ப்பு கொள்கையளவில் சரி. அதன் நீண்ட நிழல் 2005-இல் தமிழ்நாட்டில் விழுந்தது. கே.பி. கந்தசாமி 1977-இல் தொடங்கிய ‘தினகர’னை வாங்கிய கலாநிதி மாறன், நாளிதழ் விலையை ஒரு ரூபாய் ஆக்கினார். அச்சுக் காகிதத்தின் விலைக்கே அது காணாது. மீதியை விளம்பரதாரர் தருகிறார் என்றால், பத்திரிகை யாருக்கு என்ற பழைய கேள்வி தலைகீழாகிறது: விளம்பரதாரருக்கு எந்த வாசகர் வேண்டும்?

அந்தப் பத்திரிகைதான் 2007 மே 9 அன்று, தி.மு.க. தலைவரின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டது. தலைவர் குடும்பத்துப் பத்திரிகை, தலைவர் குடும்பத்தைப் பற்றிக் கணிப்பு. மதுரை அலுவலகம் தாக்கப்பட்டது. தீயில் ஊழியர்கள் மூவர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கணிப்பால் பிரிந்த குடும்பமோ 2008 முடிவதற்குள்ளேயே சேர்ந்துவிட்டது. முதலாளிகளின் சண்டையில் விலை கொடுப்பவர் யார் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் இல்லை.

முதலாளி சில சமயம் தாமே விலை கொடுப்பதும் உண்டு. அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக 1987 ஏப்ரலில் ‘விகடன்’ ஆசிரியரும் வாசனின் மகனுமான எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. கண்டனம் கிளம்பியதும் சில நாளில் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை, வழக்காடி 1994-இல் அடையாளமாக ஆயிரம் ரூபாய் இழப்பீடு பெற்றார். இத்தனை தைரியம் சம்பள ஆசிரியருக்கு வாய்க்காது என்பது உண்மை. முதலாளியே ஆசிரியராக இருப்பதன் நன்மையை மறைத்துப் பேசக் கூடாது.

அதற்காக அரசாங்கம் முதலாளியானால் நல்லது என்று நினைப்பவர்கள் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். டி.ஆர். விஜேவர்தன கட்டியெழுப்பிய கொழும்பு லேக் ஹவுஸ் நிறுவனத்தை, தமிழ் நாளிதழ் ‘தினகரன்’ உட்பட, 1973-இல் சிறிமாவோ அரசு தன் பிடிக்குள் கொண்டுவந்தது. பிறகு பதவிக்கு வந்த எந்தக் கட்சியும் அதைத் திருப்பித் தரவில்லை. விஜேவர்தனவின் மகள் வயிற்றுப் பேரன் ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார், ஜனாதிபதியும் ஆனார். லேக் ஹவுஸ் அரசின் கையிலேயே இருந்தது.

இனி இந்த மண்ணுக்கே வரலாம். படுகையில் விற்கும் தமிழ் நாளிதழ்களில் தினமும் ஒரு சின்னக் கட்டம் உண்டு: மேட்டூர் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்க நெருங்க விவசாயி முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். தன் வாசகர் யாரென்று தெரிந்த முதலாளியின் வேலை அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. காவிரித் தகராறில் இதே தெளிவு வேறு வேஷம் போடும். கோயங்காவின் குழுமத்தில் ‘தினமணி’யும் இருந்தது, 1967-இல் தொடங்கிய ‘கன்னட பிரபா’வும் இருந்தது. ஒரே முதலாளி என்பதற்காக இரண்டும் காவிரியைப் பற்றி ஒரே தலையங்கம் எழுதியிருக்க முடியாது. ஆற்றின் இரு பக்கமும் வாசகர் இருந்தால் முதலாளிக்கு இரண்டு நியாயம் இருக்கும்.

சீர்காழியிலோ மயிலாடுதுறையிலோ பகுதி நேர நிருபரைக் கேட்டால் இன்னொரு பக்கம் தெரியும். அவருக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பொங்கல் மலர், தீபாவளி மலர், தலைவர் பிறந்தநாள் என்றால் வாழ்த்து விளம்பரம் பிடித்துத் தர வேண்டும், அதில் கமிஷன். காலையில் நகைக்கடையிலும் தனியார் பள்ளியிலும் ஒன்றியச் செயலாளர் வீட்டிலும் விளம்பரம் கேட்டவர், மாலையில் அதே மூவரைப் பற்றி வந்த புகாரை எப்படி எழுதுவார்? சென்னையிலிருக்கும் முதலாளி போன் போட்டு எதையும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

பதிப்புகள் மாவட்டம் மாவட்டமாகப் பிரிந்த பிறகு இன்னும் ஒரு முடிவு சேர்ந்துகொண்டது: யாரைப் பற்றி யார் படிப்பது. சுருக்குமடி வலையை அனுமதிக்கக் கேட்டுப் பூம்புகார் பக்கத்து மீனவர்கள் போராடினால், தடை நீடிக்க வேண்டும் என்று வேறு கிராமங்கள் எதிர்க்கூட்டம் போட்டால், அது மயிலாடுதுறை, நாகை பக்கத்தில் படத்தோடு வரும். தஞ்சாவூரில் சுருங்கும். சென்னையில் மீன் வாங்குபவர் கையிலிருக்கும் பதிப்பில் பெரும்பாலும் வராது. அடிதடியானால் மட்டும் வரும். பக்கத்தை இப்படிப் பிரிப்பது நிருபர் இல்லை, செய்தி ஆசிரியரும் இல்லை. எந்த ஊரில் எத்தனை பிரதி, எந்த ஊரில் எவ்வளவு விளம்பரம் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு சர்குலேஷன் கூட்டத்தில் முடிவாவது அது. அந்தக் கூட்டத்தில் தலைமை நாற்காலியில் உட்காருபவர் பெயர்தான், மார்ச் மாதத்துக் கட்டத்தில் கடைசி வரியில் இருந்து வந்தது.